யம்னா ஆற வைத்த வெந்நீர்

கொதிக்கிற தண்ணீரை யம்னா காலா ஒரு நாளும் நேராகத் தூம்பில் ஊற்றியதில்லை.

முற்றத்தின் நடுவில் இருந்த அந்தத் தூம்புதான் ஏழு குடும்பத்துத் தண்ணீருக்கும் போக்கிடம். வெந்நீர் ஊற்றும் முன் 'பிஸ்மில்லா' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கீழே குடியிருக்கும் ஜின்கள் பிள்ளைகுட்டிகளை அழைத்துக்கொண்டு விலகிவிடும். அந்த வீட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். யம்னாவும் சொல்வாள். ஆனால் சொன்ன பிறகு ஊற்றமாட்டாள். பானையைத் தூம்பின் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுக் குந்திக்கொள்வாள். ஆவி அடங்கும் வரை காத்திருப்பாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு முழங்கையை மடக்கித் தண்ணீரில் வைத்துப் பார்ப்பாள், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பது போல. அதற்கப்புறம்தான் முற்றத்தின் நான்கு மூலையையும் ஒருமுறை கண்ணால் தடவிவிட்டு, ஓரமாகச் சாய்த்து மெல்ல ஊற்றுவாள்.

சிஹாம் இதை நாலு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை பார்த்திருக்கிறாள். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கூடவே வளர்ந்த பழக்கத்தை யார் கேட்பார்கள்?

சிஹாமின் அம்மா ரக்கியாவுக்குத்தான் இதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. துணி அலச வாளியோடு காத்து நிற்கும்போது ஆரம்பித்துவிடுவாள்.

"என்னடி யம்னா, ஜின்னு வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆயா வேலை பாக்கறியா?"

"ஆமா, நல்ல சம்பளம் தர்றாங்க. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"உன் தண்ணி ஆறறதுக்குள்ள என் துணி காஞ்சே போயிடும்."

"அலசாமலே காஞ்சா வேலை மிச்சம்தானே. போ."

யம்னா அம்மாவின் உடன்பிறந்தவள் அல்ல. ஆனாலும் அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் காலாதான், சின்னம்மாதான். ஸாஃபித் துறைமுகத்தை ஒட்டிய மத்தி ஆலையில் மீன்தலை நறுக்கும் வேலை. படகுகள் வந்தால் சங்கு ஊதும். ஊதியதும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு ஓடுவாள். எத்தனை எலுமிச்சை தேய்த்தாலும் விரல் இடுக்கில் மீன் வாடை போகாது. புருஷன் தெற்கே வேறு துறைமுகத்துக்குப் படகேறிப் போனவன், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், "எனக்கு வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்வாள். யாரும் நம்பவில்லை.

சிஹாம் அந்த வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். ஜதீதா நகரில் இலக்கியம் படித்தாள். அவள் அப்பா குயவர் குன்றில் பானை ஏற்றும் வண்டிக்காரர். அவருக்குத் தன் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார்: அவரவர் வீட்டில் கேட்ட ஒரு பயங்கரக் கதையை எழுதிக்கொண்டு வர வேண்டும். சிஹாம் விடுமுறைக்கு வந்தபோது மே மாதம். யம்னாவும் ரக்கியாவும் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"காலா, பயப்படற மாதிரி ஒரு கதை சொல்லுங்களேன். காலேஜுக்கு வேணும்."

ரக்கியா நிமிர்ந்தாள். "பட்டப்பகல்ல கதையா? சொல்றவளுக்குப் பொறக்கற புள்ளை மொட்டையாப் பொறக்கும்."

"எனக்கு இனிமே பொறந்து அது மொட்டையா இருந்தா, ஸாஃபியே பாக்க வரும்" என்றாள் யம்னா. சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொல்லத் தொடங்கினாள்.

"ஒரு வீட்ல ஒரு பொம்பள இருந்தா. வெள்ளிக்கிழமை. கூஸ்கூஸ் வெந்த பானைத் தண்ணியத் தூக்கிட்டு வந்து தூம்புல கொட்டினா. கீழ ஒரு ஜின்னுக்காரி புள்ளையத் தூங்க வச்சிருந்தா. தண்ணி அந்தப் புள்ள மேல விழுந்துது. புள்ள போயிடுச்சு. மறுநாள்லேர்ந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அந்த ஜின்னுக்காரி வந்து தூம்புக்கு அந்தப் பக்கம் உக்காருவா. இவ இந்தப் பக்கம்."

"வந்து?"

"வந்து என்ன, உக்காருவா. பாத்துட்டே இருப்பா."

"பழி வாங்க மாட்டாளா காலா?"

"எதுக்கு? வாங்கினா தீந்துபோயிடுமே."

சிஹாமின் பேனா நின்றது. யம்னா ஒரு அவரையை உரித்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் போட்டாள்.

"ரொம்ப நாள் கழிச்சு அவ தேநீர் கேப்பா. 'ஆற வச்சுக் குடு'ம்பா. இவ ஆற வைப்பா. முழங்கை வச்சுப் பாத்துட்டுக் குடுப்பா. ரெண்டு பேரும் குடிப்பாங்க. அவ்ளோதான்."

"முடிவு?"

"முடிவு இல்ல. இவ அவகிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கேக்க வாய் வர மாட்டேங்குது. அவ அதுக்காகத்தான் தினம் வர்றா."

"இதுல பயமே இல்லையேடி" என்று ரக்கியா உதட்டைப் பிதுக்கினாள்.

சிஹாம் அன்றே எழுதினாள். நன்றாகவும் எழுதினாள். அஸர் வேளையின் சாய்ந்த வெயில், ஈரக் கல், இரண்டு பெண்கள், பேச்சில்லாமை, எல்லாம் வந்தது. தேநீரை மட்டும் எடுத்துவிட்டாள். ஜின் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை வகுப்பில் படித்தால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அந்த இடத்தில் ஒரு வரி போட்டாள்: 'வந்தவள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்பாள்.' அந்த வரியைத் தானே பலமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள். மிரட்டலாக, அழகாக இருந்தது.

பேராசிரியர் அதை ஒரு செய்தித்தாளின் வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு அனுப்பி வைத்தார். வெளிவந்த தாளைச் சிஹாம் கொண்டுவந்து காட்டியபோது யம்னா எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பேப்பர் யூசுஃபியாவுக்குப் போகுமா?"

"நாடு முழுக்கப் போகும் காலா. யூசுஃபியாவுல யார் இருக்கா?"

"யாரும் இல்ல. சும்மா கேட்டேன்."

அடுத்த வருஷம் காஸாபிளாங்காவிலிருந்து ஃபவ்ஸி என்பவன் தொலைபேசியில் பேசினான். இளைஞன். அந்தக் கதையை அரைமணி நேரப் படமாக எடுக்க விரும்பினான்; தொலைக்காட்சியில் வரும் என்றான். அவன் அனுப்பிய ஒப்பந்தத் தாளில் சிஹாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். யம்னாவிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் யம்னா சரி என்றுதான் சொல்லியிருப்பாள். செய்தி தெரிந்ததும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "டிவின்னா யூசுஃபியாவுலயும் தெரியும் இல்ல?" என்றாள்.

ஃபவ்ஸி வந்து முற்றத்தைப் பார்த்தான். இந்த வீட்டிலேயே எடுக்கலாம் என்றான். நான்கு நாள் படப்பிடிப்பு. அந்த வாரம் மத்தி அள்ளிக்கொண்டு வந்தது, சங்கு ஓயவில்லை. யம்னா விடியுமுன் போய் இருட்டிய பிறகுதான் வந்தாள். கடைசி நாள் சாயங்காலம் மட்டும் வாசலில் நின்றபோது, தூம்பிலிருந்து ஆவி கிளம்பி வருவதையும் இரண்டு பேர் மேலும் கொதிநீர் ஊற்றுவதையும் பார்த்தாள்.

"தம்பி, அதை ஆற வச்சு ஊத்துங்கப்பா" என்றாள்.

"ஆறினா ஆவி வராதும்மா. ஆவிதான் படம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். யம்னாவும் சிரித்தாள்.

சிஹாமுக்கு இறுதி ஆண்டுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? 'ஒரு பயங்கரக் கதையும் அதன் படமும்: உணர்வும் தொனியும்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாள். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். தன் கதையைத் தானே ஆராய்வதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதைப் பெருமை என்று அப்போது அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

தொலைக்காட்சியில் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஞாயிறு மதியம், பேட்டை இளைஞர் மன்றத்தில் படம் போட்டார்கள். சன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினார்கள். யம்னா நல்ல ஜெல்லாபா அங்கியை உடுத்திக்கொண்டு, மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சிஹாம், முழங்காலில் நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் கதை, வலப்பக்கம் படம்.

கதையில் சாய்ந்த வெயில் என்று எழுதியிருந்தாள். படத்தில் நீலமான ராத்திரி. கதையில் சத்தமே இல்லை. படத்தில் மத்தளம், பிறகு யாரோ மூச்சு வாங்கும் சத்தம். கதையில் வருகிறவள் உட்காருகிறாள். படத்தில் முதலில் ஒரு கை தூம்பிலிருந்து எழுகிறது, தோல் உரிந்த கை. அப்புறம் ஆட்டுக் கால். அப்புறம் பாதி வெந்த முகம். மன்றம் அலறியது. பையன்கள் விசில் அடித்தார்கள். யாரோ ஒருவன், "ஏய், உங்க அத்தை வர்றா பாரு!" என்று கத்தினான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிஹாமும் ஒரு கணம் உடல் சிலிர்த்து, அந்த வெட்கத்தோடே, 'பயம் வேலை செய்கிறது' என்று வலப்பக்கத்தில் எழுதினாள்.

கடைசிக் காட்சியில் தூம்பிலிருந்து வந்தவள் வெந்நீர் ஊற்றிய பெண்ணின் கணுக்காலைப் பிடித்துத் தூம்புக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

போர்வைகளை அவிழ்த்ததும் வெளிச்சம் வந்தது. யம்னாவின் மடியில் விதைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"அவளை ஏன் இப்படி ஆக்கினீங்க?"

"எவளை காலா?"

"புள்ளையப் பறிகொடுத்தவளை."

"அது ஜின்னுதானே காலா. படம்னா கொஞ்சம் பயமுறுத்துவாங்க."

யம்னா பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்தாள். தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு பயல் ஆட்டுக் குரலில் கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அஸர் வேளையில் அவள் வழக்கம்போல் பானையோடு குந்தியிருந்தாள். சிஹாம் போய் எதிரே உட்கார்ந்தாள். தற்செயலாகத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகே அது தூம்புக்கு அந்தப் பக்கம் என்று கவனித்தாள்.

"அது ஜின்னு இல்ல மகளே" என்றாள் யம்னா. "ஜின்னுன்னு சொன்னது என் தப்பு. பேர் சொல்ல வாய் வரல. அவ பேரு ஹனியா. மாடி ரூம்ல குடியிருந்தா. நீ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னால. உங்கம்மா இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வர்றதுக்கும் முன்னால."

தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"அவ பையன் ஜலால். ஒண்ணரை வயசு. அப்பதான் தத்தித் தத்தி நடக்கறான். வெள்ளிக்கிழமை. பானையத் தூக்கிட்டு வந்தேன். கண்ணுல ஆவி அடிச்சுது, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பிஸ்மில்லான்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன், வீடே கேட்டுச்சு. சொன்னா எல்லாரும் விலகிடுவாங்கன்னுதானே நம்மள வளத்தாங்க. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் விலகியிருக்கும். புள்ள விலகுமா? அதுக்கு என்ன தெரியும்? நான் பாத்திருக்கணும்."

அவன் மூன்றாம் நாள் இறந்தான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் யம்னாவால் பொறுக்க முடியவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. 'யம்னா பிஸ்மில்லா சொல்லித்தான் ஊற்றினாள், எங்கள் காதால் கேட்டோம். தூம்புக்காரர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள்' என்று வீடு முடிவு செய்தது. ஓதுகிறவரை வரவழைத்துச் சாம்பிராணி போட்டார்கள். ஹனியாவிடமும் அதையே சொன்னார்கள். யார் மேலும் கோபப்படாதே, பாவம் என்றார்கள். இருபது வயதுகூட ஆகாதவள், தலையாட்டினாள். ஒரு மாதத்தில் புருஷனுக்கு யூசுஃபியாவில் சுரங்க வேலை கிடைத்தது. போனாள். போகும்போது எல்லாக் கதவையும் தட்டி விடைபெற்றவள், யம்னாவின் கதவைத் தட்டவில்லை.

"மன்னிச்சிருன்னு கேக்கணும்னு ரெண்டு தடவை எழுந்தேன். 'நீ என்ன தப்பு செஞ்ச, கேட்டா தப்புன்னு ஆயிடும்'னு எல்லாரும் உக்கார வச்சுட்டாங்க. உக்காந்துட்டேன். எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துது மகளே. அதான் உண்மை."

"அதுக்காகத்தான் அந்தக் கதையா?"

"அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படிச்சுக் காட்டுவாங்கன்னு நெனச்சேன். கேட்டா அவளுக்குப் புரியும். நான் தேநீர் ஆற வச்சுட்டு உக்காந்திருக்கேன்னு புரியும்."

"தேநீர்… நான் அதை எழுதல காலா."

யம்னா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. மீன் குவியலில் ஒன்று கெட்டிருந்தால் எடுத்து ஒதுக்கும்போது பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை. முழங்கையைத் தண்ணீரில் வைத்தாள். இன்னும் ஆறவில்லை.

"டிவில வர்றதுக்குள்ள போகணும்" என்றாள். "இந்த முற்றத்தைப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். தன்னைத்தான் ஆட்டுக் காலோட காட்டியிருக்கோம்னு தெரிஞ்சுடும். அதுக்கு முன்னால நான் போய் நிக்கணும்."

சிஹாம் ஃபவ்ஸியைக் கூப்பிட்டாள். அவன் கெட்டவன் இல்லை. பொறுமையாகக் கேட்டான். "சிஹாம், உன் கதையிலயே அந்த மிரட்டல் இருந்துதே. 'ஒரு நாள் கேட்பாள்'னு நீதானே எழுதின? அந்த ஒரு வரியிலிருந்துதான் எனக்குப் படமே தெரிஞ்சுது" என்றான். படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

யம்னா அந்த வாரமே தனியாகப் புறப்பட்டுப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வந்தாள். சங்கு ஊதியது போலிருந்ததாம். இரண்டாம் முறையும் அப்படியே. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சிஹாமிடம், "நீ கூட வந்தா போயிடுவேன்" என்றாள். புதன்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும். "வியாழக்கிழமை போலாம் காலா" என்றாள் சிஹாம். அந்த ஒரு 'வியாழக்கிழமை'யைப் பின்னால் எத்தனையோ முறை அவள் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கிளம்பியிருந்தால் என்ன? கட்டுரை இரண்டு நாள் தாமதமாகியிருக்கும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை யூசுஃபியாவில் சிவந்த தூசு பறந்தது. யம்னா கையில் நீலத் தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்று. சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும், மன்னிப்புக் கேட்கவும், அதைத்தான் கொண்டுபோவார்கள். சுரங்கக் குடியிருப்பில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தவள் பன்னிரண்டு வயதுப் பெண். ஹனியாவின் கடைசி மகள். முன்தலை முடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"உம்மா ஹம்மாமுக்குக் குளிக்கப் போயிருக்காங்க. உள்ள வாங்க. நீங்க யாரு?"

யம்னா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்தார்கள். அரைமணி. ஒரு மணி. சமையலறையில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. யம்னா சட்டென்று எழுந்தாள்.

"படகு வந்திருக்கும். நான் போகணும்."

"காலா, இங்க ஏது படகு? இன்னும் கொஞ்ச நேரம்…"

"இன்னொரு நாள் வரலாம்." சர்க்கரைக் கூம்பைப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "உம்மாகிட்ட குடு."

"யார் குடுத்தாங்கன்னு சொல்ல?"

யம்னா தெருவில் இறங்கிவிட்டிருந்தாள். சிஹாம் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அது யம்னா சொல்ல வேண்டிய பெயர் என்று அந்த நேரத்தில் பட்டது. சரியா தவறா என்று இன்றும் அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை படம் தொலைக்காட்சியில் வந்தது. ரக்கியாவின் அறையில் வீடே கூடிப் பார்த்தது. தங்கள் முற்றத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். யம்னா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சிஹாம் எத்தனை முறை கூப்பிட்டும் அவள் யூசுஃபியாவுக்கு வரவில்லை. "இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? மன்னிப்பு கேக்க வந்தவ, ஊர் பாக்க அவளைப் பேயாக்கிட்டு வந்து நிக்கறதா?" என்பாள். வீட்டுப் பிள்ளைகள் தூம்பருகே போகப் பயந்தன. ஒரு குடும்பத்தார் அதன் மேல் இரும்புத் தட்டு போட்டார்கள். யம்னா தட்டை நகர்த்தி, ஆற வைத்து, ஊற்றி, திரும்ப மூடுவாள்.

கட்டுரைக்குச் சிஹாமுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'துயரம் எந்த இடத்தில் பயமாக மாறியது?' படத்தில் என்று இருபது பக்கம் எழுதியிருந்தாள் அவள். உண்மையான பதிலுக்கு நோட்டில் இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. அவரைக்காய் உரித்த மதியத்துக்கும் அவள் பேனாவுக்கும் நடுவில் அது மாறியிருந்தது. வெந்த கையையும் ஆட்டுக் காலையும் ஃபவ்ஸி கொண்டுவந்தான். அவை வந்து உட்கார இடத்தைக் காலி செய்து வைத்தவள் அவள். ஒரு கோப்பைத் தேநீர் அளவு இடம்.

குளிர்காலக் கடைசியில் யம்னாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆலையின் ஈரத்தில் நின்றே தேய்ந்த உடம்பு. பத்து நாள்கூடத் தாங்கவில்லை. கடைசி இரண்டு நாள் நினைவு தப்பியிருந்தது. அதற்கு முந்தின நாள், "ஆறிடுச்சா பாரு" என்று சிஹாமிடம் சொன்னாள். எது என்று சிஹாம் கேட்கவில்லை. "ஆறிடுச்சு காலா" என்றாள்.

உடலைக் குளிப்பாட்ட வந்தவள் தண்ணீரைக் கேட்டாள். ரக்கியா வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் நகரவில்லை. அழுதுகொண்டே கைமடிப்பைச் சுருட்டிவிட்டு முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். "இருங்க, இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்றாள். இத்தனை வருஷமாகக் கேலி செய்த வாய்.

துணி சுற்றி முடித்ததும் வந்தவள் எழுந்து நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இவகிட்ட யாருக்காவது பாக்கி இருந்தா, மனத்தாங்கல் இருந்தா, இப்ப மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றது அறை. "அல்லா மன்னிக்கட்டும்" என்றது. பழைய குடும்பத்துக் கிழவி ஒருத்தி, "இவ யாருக்கு என்ன செஞ்சா, தங்கமான பொம்பள" என்றாள். சிஹாம் மட்டும் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவள் அந்த அறையில் இல்லை.

நாற்பது நாள் கழிந்ததும் அவள் யூசுஃபியாவுக்குத் தனியாகப் போனாள். இந்த முறை ஹனியாவே கதவைத் திறந்தாள். மெலிந்த, நிமிர்ந்த பெண். சிஹாம் ஸாஃபியிலிருந்து வருவதாகச் சொன்னதுமே உள்ளே விட்டாள்.

"படம் பாத்தேன்" என்றாள், கேட்காமலே. "என் மகள் பயந்துபோய் என் மடியில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டா. 'உம்மா, அவ போயிட்டாளா பாருங்க'ன்னா. போயிட்டான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

சிஹாம் எல்லாவற்றையும் சொன்னாள், யம்னா இறந்ததையும். யம்னா சொன்ன கதையை, யம்னா சொன்னபடியே, தேநீரோடு சொன்னாள். எழுதியதை அல்ல, படத்தை அல்ல. முழங்கையைக்கூட மடக்கிக் காட்டினாள். ஹனியா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறின தேநீரா?" என்றாள் கடைசியில். "ஆறினதை யார் குடிப்பா? எனக்கு நாக்கு சுடணும். மாடியிலேர்ந்து எத்தனை தடவை அவ ரூமுக்கு வந்து குடிச்சிருக்கேன். அதுகூட மறந்துட்டாளா?"

மறக்கவில்லை, சூடானது எதையும் யம்னாவால் யார் கையிலும் கொடுக்க முடியாமல் போனது. இதைச் சொல்லலாமா என்று சிஹாம் யோசித்தாள். அதற்குள் அவள் கண் அலமாரி மேல் போனது. நீலத் தாள் சுற்றியபடி, நூல்கூட அவிழ்க்காமல், சர்க்கரைக் கூம்பு நின்றது.

"வச்சவ யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சுது" என்றாள் ஹனியா. "மீன் வாடை அடிச்சுது. உடைச்சுத் தேநீர்ல போட்டா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். பேர் சொல்லாம வச்சுட்டுப் போனதை நான் எப்படி உடைப்பேன்?"

"அவங்களுக்காக நான் கேக்கறேன் காலா…"

"நீயா தண்ணி ஊத்தின?"

"இல்ல."

"அப்ப நீ கேக்க முடியாது மகளே. நானும் குடுக்க முடியாது. என் கோபம் எப்பவோ போயிடுச்சு. ஆனா அவ வந்து கேக்கணும்னு இருந்தேன். இருபத்தாறு வருஷமா அஸர் ஆனா வாசலைப் பாத்துட்டு இருந்தது நானும்தான்."

எழுந்து போய்த் தேநீர் போட்டு வந்தாள். டப்பாவிலிருந்த சாதாரணச் சர்க்கரையைத்தான் போட்டாள். கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது. சிஹாம் அதைக் கையில் வாங்கி, கீழே வைத்து, காத்திருந்தாள்.

"குடி" என்றாள் ஹனியா. "ஆறிடப் போகுது."

சிஹாம் குடித்தாள். நாக்கு சுட்டது. கூம்பு அலமாரி மேல் அப்படியே இருந்தது. அதை உடைக்கச் சொல்ல வேண்டியவள் ஸாஃபியில், கடலைப் பார்த்த சரிவில், பெயர் எழுதிய கல்லுக்குக் கீழே இருந்தாள்.